தாய்வீடு போகும் பந்து

மார்க்கருக்கு முகம் நினைவில் நிற்காது. எதிர்வீட்டுக்காரர் கடைத்தெருவில் பார்த்துச் சிரித்தால், "யாருன்னு தெரியல, ஆனா நல்ல மனுஷன் போல இருக்கு" என்று மனைவியிடம் சொல்லும் ஆள் அவர். ஆனால் ஒருவர் பந்தை எப்படித் தவறவிடுகிறார் என்று ஒருதரம் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்.

அன்று பிற்பகல் பில்லியர்ட்ஸ் கூடத்தின் முதல் மேஜையில் தனியாக ஆடிக்கொண்டிருந்த இளைஞனை அவர் முன்பின் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவன். ஏதோ ஒரு உதிரிபாகம் வந்து சேரும்வரை பொழுதைப் போக்க உள்ளே நுழைந்திருந்தான். கருவிப் பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தாங்கியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மேஜையின் அந்தக் கோடியிலிருந்த இடது மூலைக்கு ஒரு சிவப்புப் பந்தை அனுப்பினான். அடித்தான் என்று சொல்வதைவிட அனுப்பினான் என்பதுதான் சரி, அவ்வளவு மெதுவாகப் போனது. போய், குழியின் வலது உதட்டில் தட்டி நின்றது. இன்னொன்றை அனுப்பினான். அதுவும் வலது உதட்டிலேயே நின்றது. மூன்றாவதும் அங்கேயே போய் நின்றபோது, மார்க்கர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

அந்தத் தவறு அவருக்குத் தெரியும். அது ஒரே ஒரு ஆளுடைய தவறு. அந்த ஆள் இந்தக் கூடத்தை விட்டுப் போய் இந்த இளைஞனின் வயது அளவுக்குக் காலம் ஆகியிருக்கும்.

மார்க்கர் என்பது வேலையின் பெயர். பில்லியர்ட்ஸ் கூடத்தில் புள்ளி குறிப்பது, பந்துகளை அடுக்குவது, மேஜைத் துணியைத் துலக்குவது, இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நடுவில் போய் நின்று இருமுவது, எல்லாம் மார்க்கர் வேலைதான். ஆனால் வேலையின் பெயர் எப்போது அவர் பெயரை விழுங்கியது என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டபோது அவர் மகள் "மார்க்கர்" என்று சொல்லி, டீச்சரும் அப்படியே எழுதிக்கொண்டுவிட்டார். அதை மாற்றப் போய் அலைந்த கதையை அவர் மனைவி இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

உண்மையில் அவர் இந்தக் கூடத்துக்கு வந்தது பெயர்ப்பலகை எழுத. இருபத்தைந்து வயதிருக்கும், ஏணியும் தூரிகையுமாகத் திரிந்த காலம். 'பில்லியர்ட்' வரைக்கும் எழுதியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க உள்ளே போனார். பச்சைத் துணியின் மேல் பந்து உருள்வதைப் பார்த்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறதே, கொஞ்ச நேரம் புள்ளி குறியுங்களேன் என்று பழைய முதலாளி சாக்பீசைக் கையில் கொடுத்தார். மழை விட்டது. அவர் வெளியே வரவில்லை. பலகையில் அந்த 'ஸ்' இன்னும் எழுதப்படவில்லை.

வேடிக்கை பார்ப்பதற்கென்றே பிறந்த மனிதருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அங்கே வந்தவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. பல் டாக்டர் ஒருவர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவருவார். மரப்பு ஊசி போட்டுவிட்டு அது வேலை செய்யும்வரைதான் அவருக்கு நேரம். அந்த அவசரத்தில் பந்தைப் பிடுங்கி எறிவதுபோல் அடிப்பார். பந்து குழிக்குள் விழுந்ததைவிட மேஜையைத் தாண்டிப் போய் விழுந்ததுதான் அதிகம். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார், அவருக்குப் பட்டப்பெயர் வக்கீல். ஒரு தவறையும் ஒப்புக்கொள்ளமாட்டார். சட்டை நுனி பந்தைத் தொட்டுவிட்டது என்று மார்க்கர் சொன்னால், "சட்டை என்னோடதுதான், ஆனா அது என் பேச்சைக் கேட்டு நடக்கலையே" என்று வாதாடுவார். அப்புறம் தையல் டீச்சர். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஆடி, எல்லோரையும் வரிசையாகத் தோற்கடித்துவிட்டு, "வீட்ல அடுப்புல பால் இருக்கு" என்று கிளம்பிவிடுவார். அந்தப் பால் இத்தனை வருஷமாகப் பொங்கவே இல்லையா என்று மார்க்கருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் ராஜா என்றால் அது எக்ஸ்ரேதான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நாள் முழுக்க ஆட்களை நிற்கவைத்து, "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, விடலாம்" என்று சொல்லிச் சொல்லி, அது வாயோடு ஒட்டிக்கொண்டது. குச்சியை நீட்டியதும் தனக்குத்தானே முணுமுணுப்பார். "மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க." கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் தங்களையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பந்து போய் விழும். "விடலாம்" என்பார். பல் டாக்டர்கூட அந்த ஒரு நிமிஷம் நோயாளியை மறந்துவிட்டு நிற்பார்.

அவர் ஆடுவது மூன்றாம் மேஜையில் மட்டும். மற்றவர்களும் அப்படித்தான், சினிமாக் கொட்டகையில் சீட்டுப் பிடித்த மாதிரி அவரவருக்கு ஒரு மேஜை. அவரோடு மோத வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் மூன்றாம் மேஜைக்குத்தான் வரவேண்டும். மூன்றாம் மேஜையின் ஒரு கோடி சுவரை நெருக்கிக்கொண்டு நின்றதால் அங்கிருந்து குச்சியைப் பின்னால் இழுக்க இடம் கிடையாது. அதனால் எல்லோரும் வாசல் பக்கத்திலிருந்துதான் அடிப்பார்கள். அந்த மேஜையின் இடது மூலைக் குழிக்கு எக்ஸ்ரே வைத்த பெயர் தாய்வீடு. "எங்க சுத்துனாலும் கடைசில பந்து தாய்வீட்டுக்குத்தான் போகும்" என்பார். சொன்னபடியே போகும். வருடிக்கொடுப்பது போன்ற அந்த அடியைப் பார்க்க வேறு தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

மார்க்கருக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். வேலை முடிந்ததும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒருவரை ஒருவர் வாடா போடா என்றுதான் பேசுவார்கள். எக்ஸ்ரே மனிதர்களின் எலும்பைப் பற்றிச் சொல்வார், மார்க்கர் மனிதர்களின் அடியைப் பற்றிச் சொல்வார். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுக்கு வருவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் வெளியூரில் பெரிய போட்டி ஒன்று வந்தது. எக்ஸ்ரே போயே தீரவேண்டும் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வக்கீல் வழியில் சாப்பிடப் பழக்கூடை கொடுத்தார். தையல் டீச்சர் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். துணைக்கு மார்க்கரும் பஸ் ஏறினார்.

அங்கே மேஜையெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் ஆட்டத்திலேயே எக்ஸ்ரே மூச்சை இழுத்தார், நிறுத்தினார், அனுப்பினார். பந்து இடது மூலைக் குழியின் வலது உதட்டில் தட்டி நின்றது. அடுத்ததும் அப்படியே. எதிரில் ஆடியவன் மீசை முளைக்காத பையன், அவனே பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டான். ஆட்டம் முடிந்தபோது எக்ஸ்ரேயின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.  திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரத்தில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கை போயிடுச்சுடா" என்றார். அதற்குப் பிறகு கூடத்துப் பக்கம் வரவே இல்லை. மார்க்கர் ஆஸ்பத்திரிக்குத் தேடிப் போனபோது, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். வீட்டில் பூட்டு தொங்கியது. எந்த ஊர் என்று சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் மூன்றாம் மேஜைக்குத் துணி மாற்றினார்கள். பழைய துணியை உரித்ததும் அடியிலிருந்த கற்பலகை வெறுமையாகக் கிடந்தது. துணி மாற்ற வந்த ஃபிட்டர் ஆணி எடுக்கப் போயிருந்தார். மார்க்கர் கையில் ஒரு பந்து இருந்தது, மூக்கைச் சொறிய அதைக் கல்லின் மேல் வைத்தார். பந்து யோசித்தது. பிறகு யாரும் தொடாமலேயே நகர ஆரம்பித்து, ஒரு பிள்ளைத்தாய்ச்சி நடக்கிற மாதிரி நிதானமாகப் போய், இடது மூலைக் குழிக்குள் விழுந்தது.

மார்க்கர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் தரை இறங்கியிருக்கிறது, மேஜைக் கால் ஒன்று தாழ்ந்திருக்கிறது, ஆப்பு வைத்துத் தூக்கிவிடவா என்று ஃபிட்டர் வந்து கேட்டார். மார்க்கர் வேண்டாம் என்றார். ஏனென்று அவரால் அப்போது சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால், அதற்குப் பிறகு வக்கீல் தோற்கிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேஜையைக் கூண்டில் ஏற்றிவிடுவார். வேகமாக அடிப்பவர்களை அந்தச் சரிவு ஒன்றும் செய்யாது. மெதுவாக அனுப்புகிறவரைத்தான் அது இழுக்கும். எக்ஸ்ரே வருஷக்கணக்கில், தனக்கே தெரியாமல், ஒரு நூல் வலது பக்கம் தள்ளிக் குறிபார்த்தே பழகியிருக்கிறார். போட்டி நடந்த இடத்தில் கை போகவில்லை. மேஜை நேராக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"கோணல் மேஜைல ஆடிக்கிட்டு அத்தனை பேரும் நேரா ஆடுறதா நெனச்சீங்களாக்கும்."

"சிரிக்காத."

"அந்த அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

சிரிப்பு நின்றது. "அப்ப போய்ச் சொல்லுங்க. பாவம், கைமேல பழியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

எங்கே போய்ச் சொல்வது? அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார் மார்க்கர். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவரைத் தெரியுமா என்று விசாரிப்பார். வயிற்றுவலி என்று சொல்லி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறார். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொரு ஊரிலும் நிரூபணம் ஆனதுதான் மிச்சம்.

இப்போது விஷயம் இன்னும் நெருக்கடி. பழைய முதலாளி ஓய்ந்துவிட்டு, மருமகன் பொறுப்பேற்றிருந்தார். எல்லாவற்றையும் சீராக்க வேண்டும் என்ற துடிப்புள்ள பிள்ளை. வரும் திங்கட்கிழமை ஃபிட்டர் வந்து எல்லா மேஜைகளையும் மட்டம் பார்க்கப் போகிறார். மூன்றாம் மேஜையும் நேராகிவிட்டால், அப்புறம் எக்ஸ்ரே நேரில் வந்து நின்றாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வாயால் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைப்பார்.

இந்த நேரத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக்கின் மூன்று சிவப்புகளும் வலது உதட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

மார்க்கர் பந்துகளை எடுத்துவைக்கிற சாக்கில் பக்கத்தில் போனார். "தம்பி இங்க முன்னாடி ஆடியிருக்கீங்களா?"

"இல்ல சார். இந்த ஊருக்கே இப்பதான் மொதல் தடவை வர்றேன்."

மார்க்கருக்குக் கணக்கு உதைத்தது. மேஜை ஒன்றுக்குப் பழகிய கை, அந்த மேஜையைப் பார்க்காத ஆளிடம் எப்படி வரும்? "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பாகிட்ட. அதையும் கத்துக்கிட்டேன்னு சொல்ல முடியாது." அவன் குச்சி நுனிக்குச் சாக் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "வீட்ல சாப்பாட்டு டேபிள்ல எலுமிச்சம்பழத்தை வச்சுச் சொல்லிக்கொடுத்தாரு. இடது மூலைக்கு அனுப்பும்போது என் கையைப் பிடிச்சு, இதுதான் நேருன்னு ஒரு நூல் வலப்பக்கமா வைப்பாரு. அவர் சொன்ன மாதிரி அடிச்சா விழாது. மாத்தி அடிச்சா விழும். ஆனா என்ன பண்ணாலும் கை அவர் சொன்ன மாதிரிதான் போகுது."

"அப்பா வந்து பாத்ததில்லையா?"

"உள்ள வரமாட்டாரு சார். நான் ஆடுற இடத்துக்கு வந்தா வாசல்லயே நின்னுடுவாரு. நம்ம குடும்பத்துக் கைக்கு இடது மூலை ராசியில்லடாம்பாரு." சொல்லிவிட்டு இன்னொரு சிவப்பை அனுப்பினான். அதுவும் போய் நின்றது. அவன் அதைப் பார்த்து, பழகிப்போன அலுப்போடு, "ம்ஹும், தாய்வீடு போகல" என்றான்.

மார்க்கர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் குச்சியை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க தம்பி."

மூன்றாம் மேஜையில் வாசல் பக்கம் அவனை நிறுத்தி, தானே ஒரு சிவப்பை வைத்தார். "அப்பா சொன்ன மாதிரியே அனுப்புங்க. எதையும் மாத்தாதீங்க." அவன் குனிந்தான். மார்க்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பந்து வலது பக்கமாகக் கிளம்பிப் போய், பாதி வழியில் மனம் மாறியதுபோல் மெல்ல உள்ளே வளைந்து, குழிக்குள் சத்தமில்லாமல் விழுந்தது. இன்னொன்றை வைத்தார். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பையன் குச்சியைத் தாழ்த்திவிட்டு மார்க்கரைப் பார்த்தான். பிறகு சுவரோரம் போய்ப் பையைத் திறந்து, லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த ரசமட்டத்தை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தான். உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் வலப்பக்கம் ஏறி நின்றது.

"இது சாஞ்சிருக்கு சார்."

"சாஞ்சிருக்குதான். உங்கப்பா ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கிறவரா?"

"ஆமா. இப்ப ரிட்டயராயிட்டாரு. உங்களுக்கு எப்படி..." என்றவன் பாதியில் நிறுத்தினான். மார்க்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை மறைக்கவும் முயற்சி செய்யவில்லை.

பையன் போனைப் போட்டுக் கையில் கொடுத்தான். மணி அடித்தது. "சொல்லுடா, சாப்டியா?" என்றது அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது. மற்றபடி அதே குரல்.

மார்க்கர் எத்தனையோ விதமாக இதைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் மார்க்கர் பேசறேன்டா" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "கேளு. போனை வச்சிடாத. உன் கை போகலடா. நம்ம மூணாம் டேபிள் சரிவு. இடது மூலைக்கு இழுக்குது. உன் பையன் ரசமட்டம் வச்சுப் பாத்துட்டான், வேணும்னா அவனையே கேளு. அன்னைக்குப் போட்டில நீ ஒண்ணும் தப்பா ஆடல."

 எக்ஸ்ரே மெதுவாகக் கேட்டார். "அப்ப நம்ம கூடத்துல நான் ஜெயிச்சதெல்லாம்?"

மார்க்கர் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். நடுவில் சில வருஷம் தேடாமல்கூட இருந்திருக்கிறார் என்றால் அது இந்தக் கேள்வியை நினைத்துத்தான். தோல்விக்குக் காரணம் மேஜை என்றால், வெற்றிக்கு மட்டும் வேறு காரணம் எங்கிருந்து வரும்?

"சரிவு உனக்கு மட்டுமாடா இருந்துச்சு? டாக்டரும் அதுலதான் ஆடினாரு. வக்கீலும் அதுலதான் ஆடினான். இத்தனை வருஷமா நானும் அதைத்தான் முறைச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்க யாருக்கும் பிடிபடல. உன் கைக்கு மட்டும் பிடிபட்டுச்சு, உனக்கே சொல்லாம."

மறுபடி சத்தமில்லை. இந்த முறை மார்க்கருக்கு அது என்னவென்று தெரிந்தது. எத்தனை சாயங்காலம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

"பிடிச்சு வச்சது போதும்டா" என்றார். "விடலாம்."

போனுக்குள் ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அதோடு சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தமும் வந்தது. அப்புறம் எக்ஸ்ரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போர்டுல அந்த 'ஸ்' எழுதிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"சோம்பேறி. ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் அதை நேராக்கிடாத."

எதை என்று கேட்கவில்லை மார்க்கர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மருமகன் முதலாளியின் அறைக்குப் போனார். முதலாளி கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை ஃபிட்டர் வர்றாருல்ல, மூணாம் டேபிள் மேல மட்டும் அவர் கை வைக்க வேணாம்."

"ஏன் மார்க்கர், அதுதானே ரொம்பக் கோணலா இருக்கு?"

"ஒருத்தர் தாய்வீட்டுக்கு வர்றாரு" என்றார் மார்க்கர். "அவர் வந்து ஆடி முடிச்சு, நேராக்கலாம்னு தன் வாயால சொல்லட்டும்."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க மார்க்கரும் நிற்கவில்லை. ஏணியைக் கடைசியாக எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே பின்கட்டுப் பக்கம் நடந்தார்.